அளவுச் சாப்பாடே போதும்

ஹோஸ்டிங் விற்கும் எந்தத் திட்ட அட்டையை எடுத்தாலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அன்லிமிடெட் பேண்ட்வித். அன்லிமிடெட் டிஸ்க். அன்லிமிடெட் ஈமெயில். மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய். பத்துப் பன்னிரண்டு வருடமாக சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது விளம்பரக்காரர்களின் வழக்கமான மிகை என்று தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை. பொய். உங்களுக்குத் தேவையே படாத ஒன்றை அள்ளித் தருவதாகச் சொல்லி, உங்கள் தளம் உயிரோடிருக்கத் தேவையான இன்னொன்றைக் கண்ணில் படாமல் வைக்கிற பொய்.

இலக்கிய இதழில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த தமிழ் இணைய இதழ்கள் பலவும் இப்படியொரு ரீசெல்லர் திட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆசிரியர் குழு ஒற்றுப்பிழை பார்க்கும், ஓவியரைத் துரத்தும், மொழிபெயர்ப்பு உரிமைக்கு மாதக்கணக்கில் மெயில் போடும். சர்வரை மட்டும் "தம்பி ஒருத்தர் பாத்துக்கிறார்". பத்து வருட உழைப்பு எந்த ஊரில், எந்த மெஷினில், யார் பெயரில் கிடக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. அச்சுக் காலத்தில் எந்தச் சிற்றிதழ் ஆசிரியரும் அச்சகத்தின் முகவரி தெரியாமல் இருந்ததில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பேண்ட்வித் என்பது குழாயின் குறுக்களவு, அதாவது ஒரு நொடியில் எவ்வளவு போகலாம் என்பது. மாதம் முழுக்க மொத்தம் எவ்வளவு போனது என்பதற்கு டேட்டா டிரான்ஸ்ஃபர் என்று பெயர். விற்பவர்கள் இரண்டையும் குழப்பித்தான் பேசுவார்கள், அது போகட்டும். சர்வரின் முதுகில் சொருகியிருக்கும் கேபிளுக்கு ஒரு வேகம் உண்டு. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. முப்பது நாளில் 25,92,000 நொடி. பெருக்கினால் 32.4 டிபி. ஒரு கணம் ஓயாமல் ஓடினாலும் அந்தக் குழாயில் ஒரு மாதத்தில் அதற்கு மேல் ஒரு சொட்டு போகாது. 1 ஜிபிபிஎஸ் என்றால் 324 டிபி. எட்டாம் வகுப்புப் பெருக்கல். அன்லிமிடெட் பேண்ட்வித் என்ற சரக்கை இதுவரை யாரும் தயாரிக்கவில்லை. சில நிறுவனங்கள் 'அன்மீட்டர்ட்' என்று எழுதுகின்றன. குழாய் இவ்வளவு பெரியது, மீட்டர் வைத்து எண்ணமாட்டோம் என்று அர்த்தம். போர்ட்டின் வேகத்தையும் பக்கத்திலேயே போட்டிருந்தால் அது யோக்கியமான சொல்.

சரி, நமக்கு எவ்வளவு வேண்டும்? யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். 'கட்டுரை' என்ற சொல்லில் புள்ளி, துணைக்குறிகள் எல்லாம் சேர்த்து ஏழு குறியீடுகள், ஆக 21 பைட். இரண்டாயிரம் சொல் கட்டுரை தோராயமாக 50 கேபி வரும். சர்வர் அதைச் சுருக்கி அனுப்பினால் இன்னும் சில மடங்கு குறையும். மேலே போடுகிற எழுத்தாளர் படத்தை யாரும் சுருக்குவதில்லை, அது 1 எம்பி. (எழுத்தைவிட முகம் இருபது மடங்கு கனமாக இருப்பது பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.) எல்லாம் சேர்த்து ஒரு வாசிப்புக்கு 1.5 எம்பி என்று தாராளமாகவே வைப்போம். மாதம் இருபதாயிரம் வாசிப்பு வந்தால் 30 ஜிபி. மேலே சொன்ன 100 எம்பிபிஎஸ் குழாயில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, திட்ட அட்டையில் கொட்டை எழுத்தில் வாரி வழங்கப்படுவது உங்கள் இதழ் எந்தக் காலத்திலும் தொடப்போகாத ஒன்று. அதனால்தான் அதை வாரி வழங்க முடிகிறது.

இடிப்பது வேறு இடத்தில். ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான பேருக்குப் பங்கு போடுகிற ஹோஸ்டிங்கில் பரவலாக ஓடுவது கிளவுட்லினக்ஸ் என்கிற மென்பொருள். ஒவ்வொரு கணக்கையும் தனித்தனிக் கூண்டில் அடைப்பது அதன் வேலை. இந்தக் கூண்டுக்கு சிபியு இவ்வளவு, மெமரி இவ்வளவு, டிஸ்கிலிருந்து நொடிக்கு இவ்வளவு படிக்கலாம், ஒரே சமயத்தில் இத்தனை பேருக்குத்தான் உள்ளே வேலை நடக்கும் என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. கடைசியில் சொன்னதற்கு என்ட்ரி பிராசஸ் என்று பெயர். 20 என்பது சகஜமாகப் பார்க்கக் கிடைக்கிற எண். அதைத் தாண்டி ஒருவர் வந்தால் 508 பிழை: 'ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்ட்'. அன்லிமிடெட் என்று வாங்கிய தளத்தில் லிமிட் என்ற சொல்லை முதலில் படிப்பது உங்கள் வாசகர்.

இருபது என்பது தன்னளவில் மோசமான எண் இல்லை. வந்தவர் சீக்கிரம் வெளியே போய்விட்டால் பிரச்சினையே கிடையாது. ஆனால் கேஷ் போடாத வேர்ட்பிரஸ், அதன் மேல் பதினைந்து பிளக்இன், கீழே ஒரே ஒரு கோர் சிபியு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தைத் தயாரிக்க 0.3 நொடி சிபியு எடுத்தால் நொடிக்கு மூன்று பக்கம்தான் வெளியே வரும். நான்காவது ஆள் வரிசையில் நிற்பார். வரிசை நீளும். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க வருகிற பாட்கள், ஏஐ நிறுவனங்கள் அனுப்புகிற கிராலர்கள் எல்லாம் அதே வரிசையில் முட்டிக்கொண்டு நிற்கும். இருபது ஒரு பொருட்டே இல்லை அப்போது.

அன்லிமிடெட் டிஸ்க்கின் சங்கதி இன்னும் நயமானது. ஜிபியில் அளக்கமாட்டார்கள், கோப்புகளை எண்ணுவார்கள். ஐநோட் என்று அதற்குப் பெயர். இரண்டரை லட்சம் மாதிரி ஓர் எண் விதிமுறைப் பக்கத்தின் அடியாழத்தில் கிடக்கும். வேர்ட்பிரஸில் ஒரு படத்தை ஏற்றினால் அது ஐந்தாறு அளவுகளில் தனித்தனிக் கோப்புகளாகக் குட்டி போடும். சர்வரில் கிடக்கும் மெயில்கள் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. படைப்புகள் வந்து விழுகிற மெயில் பெட்டியை எந்த ஆசிரியரும் காலி செய்வதில்லை என்பதால் பிரசுரமாகாத கவிதைகளும் இந்தக் கணக்கில் சேரும்.

நம் ஊர் மெஸ்ஸில் அன்லிமிடெட் மீல்ஸ் என்று போட்டிருந்தால் அது பொய் கிடையாது. இலையில் கேட்கக் கேட்க சோறு விழும். வயிறு என்று ஒன்று இருப்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியும், போடுகிறவருக்கும் தெரியும். பார்சலுக்கு அன்லிமிடெட் இல்லை என்று பலகையிலேயே எழுதியிருப்பார்கள். பக்கத்தில் அளவுச் சாப்பாடு, விலை கம்மி. ஹோஸ்டிங் மெஸ்ஸில் சோறு எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. பரிமாற ஒரே ஆள். நிமிஷத்துக்கு மூன்று கரண்டிக்கு மேல் போடமாட்டார். உங்கள் வீட்டு விசேஷம் என்று நாலு பேர் சேர்ந்து வந்தால் கதவைச் சாத்திவிடுவார். பலகையில் இதில் எதுவுமே இருக்காது.

ரீசெல்லர் என்கிற ஏற்பாட்டை வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். பெரிய நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாக இடம் வாங்கி, சின்னச் சின்னக் கணக்குகளாகப் பிரித்து, தன் பெயரைப் போட்டு விற்பவர் ரீசெல்லர். கையில் டபிள்யூஎச்எம் என்றொரு கட்டுப்பாட்டுப் பலகை இருக்கும். அதில் புதிய பேக்கேஜ் உருவாக்கும்போது டிஸ்க், பேண்ட்வித் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தில் எண்ணைத் தட்டலாம். அல்லது பக்கத்தில் இருக்கும் 'அன்லிமிடெட்' என்ற பொத்தானைத் தேர்வு செய்யலாம். அவ்வளவுதான். நீங்கள் வாங்குகிற முடிவிலி அந்த ஒரு கிளிக்கில் பிறந்தது. அவருக்கு மேலே இருப்பவரின் பலகையில், இந்த ரீசெல்லர் தன் இருப்புக்கு மேல் விற்கலாம் என்று அனுமதிக்க இன்னொரு டிக் உண்டு. அதன் பெயரே ஓவர்செல்லிங். 50 ஜிபி வாங்கியவர் நூறு பேருக்குப் பத்துப் பத்து ஜிபி விற்க அந்த டிக் போதும்.

இருப்புக்கு மேல் விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வங்கி செய்வது அதுதான். விமானக் கம்பெனி செய்வதும் அதுதான். எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற அனுமானம் இல்லாமல் நூறு ரூபாய் ஹோஸ்டிங் சாத்தியமே இல்லை. ஆனால் வங்கிக்கு ரிசர்வ் வங்கி ஒரு விகிதம் விதித்திருக்கிறது, அந்த விகிதம் செய்தித்தாளில் வருகிறது. என் சர்வரில் எத்தனை பேரை அடைத்திருக்கிறீர்கள் என்று ரீசெல்லரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் தரப்பு ரகசியம் என்பதுபோல் பேசுவார்கள்.

இரண்டு வருடம் முன்பு மூத்த எழுத்தாளர் ஒருவர் மறைந்தபோது நண்பரின் இணைய இதழ் இரண்டே ராத்திரியில் ஓர் அஞ்சலி இதழைக் கொண்டுவந்தது. பழைய நேர்காணல்களைத் தேடித் தட்டச்சு செய்து, குடும்பத்தாரிடம் படங்கள் வாங்கி, தூக்கமில்லாமல் செய்த வேலை. காலை எட்டு மணிக்கு வெளியிட்டார்கள். வாட்ஸப்பில் பறந்தது. பத்து மணிக்கெல்லாம் 508. என்னை அழைத்தார்கள். சிபேனலைத் திறந்து பார்த்தேன். சிபியு கோடு உச்சியில் முட்டி நின்றது, என்ட்ரி பிராசஸ் 20/20. அந்த மாதம் முழுக்க அவர்கள் பயன்படுத்தியிருந்த பேண்ட்வித் 11 ஜிபி. ரீசெல்லருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் நண்பர்.

"தம்பி, அன்லிமிடெட்னுதானே போட்டிருந்தீங்க?"

"அண்ணே, அது பேண்ட்வித்துக்கு. இது சிபியு."

"எனக்கென்னப்பா தெரியும் சிபியு. ஆளுங்க படிக்க வந்தா தெறக்கணும், அவ்ளோதானே?"

"அடுத்த பிளானுக்கு அப்கிரேட் பண்ணிக்கோங்கண்ணே. அதுல 40 வரும்."

"40 என்னது?"

மூன்று வருடம் பணம் கட்டியிருக்கிறார். தன் இதழை ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம் என்பதற்கு ஓர் எண் இருப்பதே அன்றைக்குத்தான் அவர் காதில் விழுகிறது. விற்றவருக்கு அந்த எண் முதல் நாளிலிருந்து தெரியும். அந்தத் தம்பி கெட்டவர் என்றும் சொல்லமாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கும் போனை எடுப்பார், தமிழில் பேசுவார். எந்தப் பெரிய நிறுவனத்தின் உதவி மையத்திலும் கிடைக்காத விஷயம் அது. அவர் மேலிடத்திலிருந்து வாங்கியதும் இதே அன்லிமிடெட் அட்டைதான், பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார். அப்கிரேட் ஆகி, கேஷ் போட்டு, தளம் எழுந்து நிற்க மறுநாள் மதியமாகிவிட்டது. அதற்குள் முகநூல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

என் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அன்லிமிடெட்னா அன்லிமிடெட் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும் சார்." யார் அந்த எல்லாரும்? தினம் 1.5 ஜிபி என்று அளந்து கொடுத்து, தீர்ந்தால் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்குகிற மொபைல் திட்டத்துக்கு அன்லிமிடெட் என்று பெயர் வைத்திருக்கிற நாட்டில் நமக்குச் சொல் மரத்துப்போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். மரத்துப்போனதை எல்லாம் சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் ஏடி&டி இதே கதையைச் சொல்லிப் பார்த்தது. அன்லிமிடெட் டேட்டா என்று விற்ற வாடிக்கையாளர்களின் வேகத்தை 2011 முதல் குறைத்தது, சிலருக்கு மாதம் 2 ஜிபி தாண்டியதுமே. அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2014இல் வழக்குப் போட்டது. 2019இல் 6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். வேகத்துக்கு வரம்பு உண்டென்றால் விளம்பரத்திலேயே கண்ணில் படும்படி சொல்லவேண்டும் என்பதும் அந்த உடன்பாட்டில் இருக்கிறது. 'எல்லாருக்கும் தெரியும்' அங்கே எடுபடவில்லை.

மைக்ரோசாஃப்ட் செய்தது இன்னும் அழகு. 2014 அக்டோபரில் ஆபீஸ் 365 சந்தாதாரர்களுக்கு ஒன்டிரைவில் அன்லிமிடெட் இடம் என்று அறிவித்தது. 2015 நவம்பரில் வாபஸ், 1 டிபி போதும் என்றது. காரணமாகச் சொன்னது, சிலர் 75 டிபிக்கும் மேல் சேர்த்துவைத்துவிட்டார்களாம், சராசரியைப் போல 14,000 மடங்காம். எல்லையில்லை என்று சொன்னதை நம்பியவர்கள் எல்லை மீறியவர்களாகிவிட்டார்கள். எல்லா ஹோஸ்டிங் விதிமுறைகளிலும் இருக்கிற 'நியாயமான பயன்பாடு' என்ற சொற்றொடரின் வேலை இதுதான். எது நியாயம் என்பதைப் பயன்படுத்தி முடித்த பிறகு அவர்கள் சொல்வார்கள்.

எண் எப்போதும் இருந்தது என்பதற்கு 2019 ஒரு சாட்சி. அதுவரை சிபேனல் உரிமம் ஒரு சர்வருக்கு ஒரு விலை. உள்ளே எத்தனை கணக்கு வைத்தாலும் அதே விலை என்பதால் 'அன்லிமிடெட் சிபேனல் கணக்குகள்' என்று ரீசெல்லர் திட்டங்கள் மானாவாரியாக விற்றன. முந்தைய வருடம் ஓக்லி கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் சிபேனலை வாங்கியிருந்தது. 2019 ஜூனில் விலைமுறையைக் கணக்கு எண்ணிக்கைக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். சில மாதங்களில் அந்த அட்டைகளிலிருந்து அன்லிமிடெட் கழன்று 30, 50, 100 என்று எண்கள் முளைத்தன. தங்களுக்குச் செலவு என்று வந்ததும் எண்ணத் தெரிந்துவிட்டது.

பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறலாமே என்பார்கள். வேறு என்பது எத்தனை வேறு? எண்ட்யூரன்ஸ் என்ற ஒரே நிறுவனம் 2010இல் ப்ளூஹோஸ்டையும் 2012இல் ஹோஸ்ட்கேட்டரையும் வாங்கியது. 2014இல் மும்பை டைரெக்டியின் பிக்ராக், ரீசெல்லர்கிளப் ஆகியவையும் அதன் கைக்குப் போயின. இன்று நியூஃபோல்டு டிஜிட்டல் என்று பெயர். 2013 ஆகஸ்ட் 2ஆம் தேதி யூட்டா மாநிலத்தின் ப்ரோவோவில் இருக்கும் ஒரு டேட்டா சென்டரில் கோளாறு வந்தபோது ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஹோஸ்ட்மான்ஸ்டர், ஜஸ்ட்ஹோஸ்ட் நான்கும் ஒன்றாகப் படுத்தன. ஒன்றின் மேல் கோபப்பட்டு இன்னொன்றுக்குக் குடிபோனவர்களும் அன்றைக்கு அதே இருட்டில்தான் இருந்தார்கள்.

ரீசெல்லர் சங்கிலியில் இது இன்னும் மோசம். டேட்டா சென்டரிடம் ஒருவர் சர்வரை வாடகைக்கு எடுக்கிறார். அவரிடமிருந்து மாஸ்டர் ரீசெல்லர், அவரிடமிருந்து ரீசெல்லர், அவரிடமிருந்து வெப் டிசைனர், கடைசியில் இதழ். நடுவில் யாராவது ஒருவர் பில் கட்டாமல் விட்டாலும், தொழிலை மாற்றிக்கொண்டு போனாலும், நம்பரை மாற்றினாலும் கீழே இருப்பது மொத்தமாகப் போகும். யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது 2009 ஏப்ரலில் சொல்லிவிட்டு அக்டோபர் 26இல்தான் மூடியது. அந்த ஆறு மாதத்தில் ஆர்க்கைவ் டீம் மாதிரியான ஆர்வலர்கள் பாய்ந்து முடிந்தவரை இறக்கிவைத்தார்கள். ஈரோட்டிலோ திருநெல்வேலியிலோ நூற்றிருபது கணக்கு வைத்திருக்கும் ரீசெல்லர் கடையை மூடினால் அறிவிப்பும் வராது, ஆர்வலர்களும் வரமாட்டார்கள். வேபேக் மெஷினில் முகப்புப் பக்கம் கிடைக்கும். நடுவிலிருந்த நெடுங்கதையின் மூன்றாம் பகுதி கிடைக்காது.

இதற்கு மாற்று கோடிக்கணக்கில் செலவாகும் விஷயம் இல்லை. டிஜிட்டல்ஓஷனின் 6 டாலர் சர்வரில் மாதம் 1 டிபி டிரான்ஸ்ஃபர் என்று எண் போட்டு எழுதியிருக்கிறது, மீறினால் ஜிபிக்கு ஒரு சென்ட். கிட்ஹப் பேஜஸ் இலவசம். அங்கேயும் தளத்துக்கு 1 ஜிபி, மாதம் 100 ஜிபி டிரான்ஸ்ஃபர் என்று வரம்பு எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். சும்மா கொடுப்பவர்களுக்கே எண்ணை எழுத வெட்கமில்லை. ஆனால் தனி சர்வர் எடுத்தால் நடுராத்திரி அது விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டும். ஆசிரியர் குழுவில் அப்படி ஒருவர் இல்லையென்றால் ரீசெல்லர்தான் சரி. அவரிடமே இருங்கள், கேட்டுவிட்டு இருங்கள்.

என்ட்ரி பிராசஸ் எத்தனை, சிபியு எவ்வளவு, ஐநோட் எவ்வளவு? சர்வர் யாருடையது, எந்த ஊரில்? பேக்கப் அதே மெஷினில் கிடக்கிறதா, வேறெங்கேயா? அதை எடுத்து வேறொரு இடத்தில் விரித்துக் காட்ட முடியுமா? விரித்துப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் வருட ரினியூவல் விலை என்ன என்பதையும் கேட்டுவிடுங்கள், அது வேறு மாய வித்தை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டொமைன். அது டிசைனரின் பெயரில், டிசைனரின் மெயில் முகவரியில் பதிவாகியிருந்தால் இன்றைக்கே மாற்றி வாங்குங்கள். சர்வர் போனால் வேறு சர்வர். பெயர் போனால் பத்து வருடமாக எல்லோரும் கொடுத்த சுட்டிகளும் அதோடு போகும்.

ரீசெல்லர் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "20 பேர்தான்னு எழுதினா எவன் சார் வாங்குவான்" என்கிறார்கள். எழுதிப் பாருங்கள். ஒரே நேரத்தில் 20 பேர், 1 கோர், இரண்டரை லட்சம் கோப்பு, மாதம் 50 ஜிபி, இந்த சர்வரில் மொத்தம் 150 கணக்கு, வாரம் ஒருமுறை பேக்கப் வேறு ஊருக்கு, ராத்திரி பதினொன்று வரை போன் எடுப்பேன், வருடம் இவ்வளவு ரூபாய். அன்லிமிடெட்டைவிட இருமடங்கு விலை போட்டாலும் போடுங்கள். அப்படி ஓர் அட்டை வைத்திருக்கிறவர் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதலாம். எனக்குத் தெரிந்த மூன்று இதழ்களுக்கு அடுத்த இரண்டு மாதத்துக்குள் ரினியூவல் வருகிறது.